நிழல் தோட்டத்தில் பெரிய இருநிற ஹோஸ்டா: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

வெயில் எட்டாது என்று விட்டுவிட்ட மூலையை ஒரே செடியால் நிரப்ப வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது ஹோஸ்டாவைத்தான். அதிலும் இலை ஓரத்தில் மஞ்சளோ வெண்ணெய் நிறமோ ஓடிய பெரிய வகைகள் முழு வளர்ச்சி அடைந்தால் முக்கால் மீட்டர் உயரத்துக்கு எழுந்து, ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரிந்து நிற்கும். ஓர் இலையே 30 செ.மீ. நீளத்தைத் தாண்டும். இந்தச் செடியில் நம் உழைப்பு பெரும்பாலும் மண்ணுக்குள் போக வேண்டும். இடத்தையும் குழியையும் முதல் சில ஆண்டுகளுக்கான தண்ணீரையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால், பல பத்தாண்டுகள் அது அதே இடத்தில் நிற்கும். இலையை அழகாக்க மேலிருந்து நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹோஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா, ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதி. குளிர்காலத்தில் தரைக்கு மேலுள்ள எல்லாவற்றையும் இழந்து மண்ணுக்குள் உறங்கும் செடி இது. அந்த உறக்கத்துக்கு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் ஐந்தாறு வாரமாவது வேண்டும். பனியும் உறைந்த மண்ணும் அதற்குப் பொருட்டே அல்ல. குளிர் இல்லாமைதான் அதைக் கொல்லும். குளிர்காலமே இல்லாத ஊர்களில் ஆண்டுக்காண்டு இலை சிறுத்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட இடத்தில் நிழலுக்கு வண்ண இலை தேடுபவர்கள் கலாடியம் வைப்பதே சரி. ஹோஸ்டாவை வைத்து ஏமாற வேண்டாம்.

வெளிர் நிறத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இலையில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும் பகுதியில் பச்சையம் குறைவு, அல்லது அறவே இல்லை. செடிக்கு உணவு சமைப்பது பச்சைப் பகுதிதான். ஆகவே இருநிறச் செடி எப்போதும் முழுப்பச்சைச் செடியைவிட மெதுவாகவே வளரும். வெளிர்நிறம் இலையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. குருத்தின் நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிப்பக்க அடுக்கிலிருந்து இலையின் ஓரமும், உள்ளடுக்கிலிருந்து நடுப்பகுதியும் உருவாகின்றன. ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் இலையின் பெரும்பரப்பு பச்சை, செடிக்கு வலு அதிகம். நடுப்பகுதி வெளிறி ஓரம் மட்டும் பச்சையாக இருந்தால், மெல்லிய விளிம்பு மட்டும் உழைத்து மொத்தச் செடிக்கும் உணவு தர வேண்டியிருக்கிறது.

அதனால் முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஓரம் வெளிறிய வகையையே பரிந்துரைக்கிறேன். பெரிய வகைகளில் 'சகாயே' எனக்கு மிகவும் பிடித்தது: சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை, அலையலையான மஞ்சள் ஓரம், கோடை முதிர முதிர அந்த மஞ்சள் வெண்ணெய் நிறத்துக்கு மாறுவது, நிமிர்ந்து நிற்கும் கம்பீரம். 2000ஆம் ஆண்டின் ஹோஸ்டாவாக அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்பாளர் சங்கம் இதைத் தேர்ந்தெடுத்தது. அதிலிருந்தே தோன்றிய 'லிபர்ட்டி' என்ற வகைக்கு ஓரம் இன்னும் அகலம். அது 2012இல் தேர்வானது. பழைய பெயரான 'ஃபிரான்சஸ் வில்லியம்ஸ்' 1936இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு நாற்றுப்பண்ணையில் அந்தப் பெயருடைய பெண்மணி கண்டெடுத்தது. நீலப்பச்சை இலையும் மஞ்சள் ஓரமும் கொண்ட பெருஞ்செடி. ஆனால் வசந்தத்திலேயே அதன் ஓரம் பழுப்பாகக் கருகும் இயல்பு உண்டு, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் மஞ்சள் கொண்ட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். வளர்வதோ மிக மெதுவாக, பிடிவாதமாக. அதை இரண்டாவது செடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்

நிழல் செடி என்பதால் இருட்டு மூலை போதும் என்று நினைக்கிறார்கள். ஹோஸ்டா நிழலைத் தாங்கும் செடி; வெளிச்சம் அதற்கும் தேவை. அடர்ந்த இருளில் இலைகள் குறைந்து, காம்பு நீண்டு, இருநிறத்தின் வேறுபாடும் மங்கிப்போகும். காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு கிளைகளுக்கிடையே சிதறி விழும் வெளிச்சம் என்பதே உகந்த நிலை. நடுப்பகலுக்குப் பிந்தைய வெயில் கூடவே கூடாது. வெளிறிய பகுதிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் நிறமி இல்லாததால், சுடுவெயிலில் அது முதலில் காகிதம்போல் வெளுத்து, அடுத்த வாரம் பழுப்பாகிவிடும். அந்த இலை அந்த ஆண்டில் திரும்பத் தேறாது.

ஆகவே ஒரு தெளிந்த நாளில் காலை முதல் மாலை வரை, மணிக்கொருமுறை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். வெயில் எப்போது வந்து எப்போது விலகுகிறது என்று குறித்துவையுங்கள். இதை மரங்கள் இலைவிட்ட பிறகு செய்ய வேண்டும். வசந்தத் தொடக்கத்தில் மொட்டையாக நிற்கும் மரத்தடி கோடையில் வேறு இடமாகிவிடும்.

வெளிச்சத்தைவிடப் பெரிய பிரச்சினை மரத்தின் வேர். மேப்பிள், பிர்ச் போன்ற மரங்களின் வேர் தரையை ஒட்டியே வலைபோலப் படர்ந்து, நாம் ஊற்றும் தண்ணீரையும் இடும் உரத்தையும் செடிக்கு முன் குடித்துவிடும். முதல் ஆண்டு செழித்த ஹோஸ்டா மூன்றாம் ஆண்டில் பாதியாகச் சிறுத்திருந்தால் நோயைத் தேடாதீர்கள். பக்கத்தில் தோண்டிப் பாருங்கள், குழி முழுக்க மரத்தின் நார்வேர் நிரம்பியிருக்கும். ஓக் போன்று ஆழமாக வேர்விடும் மரங்களின் அடியில் இந்தத் தொல்லை குறைவு. வேர் மிகுந்த இடம்தான் வாய்த்திருக்கிறது என்றால், மரத்தின் வேரை வெட்டிச் சண்டை போடாமல், அடியில் துளையுள்ள பெரிய தொட்டியில் ஹோஸ்டாவை வைத்து, செங்கல் மேல் தூக்கி அங்கே நிறுத்திவிடுங்கள். தொட்டியில் ஹோஸ்டா நன்றாகவே வளரும். நத்தைத் தொல்லையும் குறையும்.

காற்று வீசியடிக்கும் சந்துகளைத் தவிர்க்கவும். அகன்ற இலை எளிதில் கிழியும். நடைபாதை ஓரமானால் பாதையின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி நடுங்கள். வாங்கும்போது கையடக்கமாக இருக்கும் கன்றைப் பார்த்து நெருக்கி நட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டில் பிடுங்குவது செடிக்குப் பெரும் இழப்பு.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

நாற்றுப்பண்ணையில் முதலில் இலையைக் கூர்ந்து பாருங்கள். ஹோஸ்டாவுக்கென்றே ஒரு வைரஸ் நோய் இருக்கிறது: ஹோஸ்டா வைரஸ் எக்ஸ். 1996இல் கண்டறியப்பட்டது. வெளிறிய பரப்பில் நரம்பை ஒட்டி மை ஊறியதுபோல் பச்சை கசிந்திருக்கும். சில இலைகளில் அந்த இடம் சுருங்கி, மேடுபள்ளமாகத் தடித்திருக்கும். இயல்பான இருநிறத்தில் நிறங்களின் எல்லை தெளிவாக இருக்கும்; நோயில் எல்லை கலங்கியிருக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வேறுபாடு இன்னும் தெரியும். ஒரு காலத்தில் 'லெப்பர்டு ஃபிராக்' போன்ற செடிகளைப் புதுமையான புள்ளி இலை வகைகள் என்றே விற்றார்கள். பிறகுதான் அந்தப் புள்ளிகள் நோயின் அடையாளம் என்று தெரிந்தது. சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

சிறிய கன்றின் இலை, படத்தில் பார்த்த இலையைப் போல இருக்காது. குறுகியும், ஓரப்பட்டை மெலிந்தும், சில நேரம் நிறமே மாறியும் இருக்கும். அதற்காக வேறு வகையைக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். முடிந்தால் இரண்டு மூன்று குருத்துள்ள, சற்று முதிர்ந்த தூராக வாங்குங்கள். ஓராண்டு காத்திருப்பு மிச்சம்.

குழியும் நடவும்

நடுவதற்கு ஏற்ற காலம் வசந்தம், குருத்து தலைநீட்டும் நேரம். கோடை இறுதியும் நல்லதுதான். ஆனால் மண் உறைவதற்கு ஆறு வாரமாவது முன்பாக நட்டுவிட வேண்டும், வேர் பிடிக்க அந்த அவகாசம் தேவை.

ஹோஸ்டாவின் வேர் ஆழமாகப் போவதைவிடப் பக்கவாட்டில் ஓடுவதே அதிகம். ஆகவே குழி அகலமாக இருக்க வேண்டும்: ஆழம் 30 செ.மீ. போதும், அகலம் 75 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு இலைமட்கு அல்லது நன்கு மக்கிய தொழு உரம் கலந்துகொள்ளுங்கள். பாதி மக்கிய சாணம் வேண்டாம், வேரைச் சுடும். கெட்டியான களிமண் என்றால் குழியை மட்டும் வளமாக்கிப் பயனில்லை. சுற்றியுள்ள மண்ணையும் முள் மண்வாரியால் கிளறித் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். தோண்டியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடியவில்லை என்றால் அந்த இடத்தை மேடாக்கிவிட்டு நடுவது நல்லது. மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6 முதல் 7 வரை இருந்தால் போதும்.

தொட்டியிலிருந்து எடுத்த செடியின் வேர்ப்பந்தைக் கையால் பிரியுங்கள். வேர் தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் அதை அப்படியே மண்ணில் இறக்கக் கூடாது. ஆண்டுகள் கழிந்தும் அதே வட்டத்துக்குள்ளேயே நிற்கும். தண்ணீர்க் குழாயால் பழைய மண்ணைக் கழுவிவிட்டு வேரை விரித்தால் இன்னும் நல்லது. மண்ணின்றி வெறும் வேராக வந்த செடியென்றால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு குழியின் நடுவே மண்ணைக் கூம்பாகக் குவித்து, தூரை அதன் உச்சியில் உட்காரவைத்து, வேர்களை நாலாபக்கமும் சரியவிட்டு மூடுங்கள். தூரும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும்; மேலே தூக்கலாக இருந்தால் உறைபனி அதை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். மண்ணைக் காலால் மிதிக்காதீர்கள். நிறையத் தண்ணீர் ஊற்றினால் அதுவே படிந்துவிடும்.

கடைசியாக 5 செ.மீ. கனத்துக்கு இலைச்சருகோ மரப்பட்டையோ மூடாக்காகப் பரப்புங்கள். தூரைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுவது கட்டாயம். காம்பின் அடியை ஒட்டி மூடாக்கு கிடந்தால், வெப்பமான ஈர நாட்களில் காம்பழுகல் பூஞ்சை அங்கேதான் குடியேறும். நேற்றுவரை நின்ற இலைகள் திடீரென்று சாய்ந்து, காம்படியில் வெள்ளை நூலும் கடுகளவு பழுப்பு மணிகளும் தெரிந்தால் அது அந்தப் பூஞ்சைதான். அந்த மண்ணோடு சேர்த்து அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

தண்ணீர்

வாரத்துக்கு 2.5 செ.மீ. மழைக்கு நிகரான தண்ணீர், வெப்பம் மிகுந்தால் அதற்கும் மேல். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெரிய ஹோஸ்டாவில் மழையை நம்பினால் தவறிவிடும். அதன் இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து நிற்பதால் தூறல் மழை முழுவதும் வெளி விளிம்பில் சொட்டிப் போய்விடும்; மேலே மரத்தின் கிளைகளும் ஒரு பங்கைத் தடுத்துவிடும். மழை விட்டதும் இலைகளை மெதுவாக ஒதுக்கி, தூருக்கு ஒரு சாண் தள்ளி விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். மேலே எல்லாம் பளபளவென நனைந்திருக்க, விரலின் இரண்டாம் கணு எட்டும் ஆழத்தில் மண் பொடியாக உதிர்வதைப் பல நாள் காணலாம். அப்படி இருந்தால் மழை பெய்த நாளாக இருந்தாலும் ஊற்றத்தான் வேண்டும்.

இலைமேல் தெளிக்காமல் அடியில், மெதுவாக, ஆழமாக ஊற்றுங்கள். தினம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட வாரம் இருமுறை நிறைய ஊற்றுவது வேரைக் கீழே இழுக்கும். காலை நேரமே நல்லது: மாலையில் நனைத்த தரை இரவெல்லாம் நத்தைகளுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். நீலம் பூத்த இலைகளின் மேல் மெழுகுப் படலம் ஒன்று இருக்கிறது. தடவினாலும் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலும் அது போய்விடும், அந்த ஆண்டில் திரும்ப வராது. அழகாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வசந்தத்தில் குருத்து வரும்போது மெதுவாகக் கரையும் சமச்சீர் உரம் ஒரு பிடி, அல்லது இரண்டு விரல் கனத்துக்கு மக்கிய உரம். கோடையின் பாதிக்குப் பிறகு எதுவும் இட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகி நத்தைக்கு விருந்தாகும்.

நத்தைகள்

ஓட்டுடன் கூடிய நத்தை, ஓடில்லாத நத்தை இரண்டுமே ஹோஸ்டாவைத் தேடி வரும். அவை தின்ற இடம் பெரும்பாலும் இலையின் நடுவில் ஒழுங்கற்ற துளைகளாகத் தெரியும். பக்கத்தில் வெள்ளிக் கோடாகப் பிசின் காய்ந்திருக்கும். முக்கியமான காலம் வசந்தம். வாழைக் குருத்தைப் போல இறுகச் சுருண்டு மண்ணிலிருந்து எழும் ஹோஸ்டா குருத்தில் ஒரு நத்தை ஒரே இரவில் போட்ட ஒரு துளை, இலை விரிந்ததும் வரிசையாகப் பல துளைகளாகி, கோடை முடியும்வரை கண்ணை உறுத்தும். ஆகவே குருத்து விரலளவு வருவதற்கு முன்பே காவலைத் தொடங்க வேண்டும்.

இரும்பு பாஸ்பேட் குருணையைத் தூரைச் சுற்றிச் சிறிதளவு தூவுங்கள். மழைக்குப் பின் மீண்டும் தூவ வேண்டியிருக்கும். மெட்டால்டிஹைடு கலந்த பழைய மருந்துகள் நாய், பூனை, பறவைகளுக்கு நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். ஹோஸ்டா இலையிலும் நாய், பூனைகளுக்கு ஒவ்வாத சபோனின் இருக்கிறது என்பதைச் செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டிய பின் டார்ச் விளக்குடன் போய்ப் பொறுக்கி எடுப்பதே, என் அனுபவத்தில், எல்லாவற்றையும்விடப் பலன் தருகிறது. தோட்டத்துக்கு மான் வரும் என்றால் வேலியைத் தவிர வேறு வழியை நம்ப முடியாது. ஒரே இரவில் காம்புகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.

பச்சைக்குத் திரும்பும் குருத்து

தூரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுப்பச்சை இலையுடன் ஒரு குருத்து எழலாம். அழகாகவே இருக்கும், விட்டுவைக்கத் தோன்றும். விட்டுவைக்கக் கூடாது. முழு இலையும் உணவு சமைப்பதால் அது மற்ற குருத்துகளை முந்தி வளர்ந்து, சில ஆண்டுகளில் இருநிறத்தை ஓரங்கட்டிவிடும். இலையை மட்டும் கிள்ளினால் போதாது, அடியிலிருந்து மறுபடி பச்சையாகவே வரும். மண்ணை விலக்கி, அந்தக் குருத்து தூரோடு சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, கூரான கத்தியால் வேரோடு பிரித்தெடுங்கள். விரும்பினால் அதைத் தனியே நட்டுப் பச்சை ஹோஸ்டாவாக வளர்க்கலாம்.

விதையிலும் இதே கதைதான். ஓரம் வெளிறிய செடியின் விதையிலிருந்து இருநிறக் கன்று வராது. வேறு காரணத்துக்காக விதை வேண்டியதில்லை என்றால், பூத்து முடிந்ததும் பூந்தண்டை அடியோடு வெட்டிவிடலாம்.

இலையுதிர்காலமும் குளிரும்

முதல் உறைபனியில் இலைகள் மஞ்சளாகித் தரையில் படிந்துவிடும். புதியவர்கள் செடி செத்துவிட்டது என்று பயப்படும் நேரம் இது, ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த இலைகளை மட்டும் முழுவதுமாக அகற்றுங்கள், நத்தை முட்டைகள் அதனடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். கோடை முடிவில் இலை நரம்புகளுக்கிடையே பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தால் அது இலைக்குள் வாழும் நுண்ணிய புழுவான இலை நூற்புழுவின் வேலையாக இருக்கலாம். அந்த இலைகளை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். தூர் இருக்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மொட்டைத் தரையில் வசந்தத்தில் மண்வெட்டி போட்டுக் குருத்தை வெட்டிவிடுவது எளிதில் நடக்கும்.

வசந்தத்தில் இலை விரியும் வேளையில் பின்பனி வரும் என்று அறிவிப்பு வந்தால், மாலையில் பழைய துணியாலோ கவிழ்த்த வாளியாலோ மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். சுருண்ட குருத்து ஓரளவு தாங்கும். பாதி விரிந்த இலை தாங்காது.

தூர் பிரிப்பது எப்போது

பெரிய வகைகள் தம் உண்மையான உருவத்தையும் இலையின் முழு நிறத்தையும் காட்ட ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் தூரைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் மறுபடி குழந்தை இலையிலிருந்து தொடங்கும். ஹோஸ்டாவுக்குப் பிரித்தே ஆக வேண்டிய தேவை எதுவும் கிடையாது. இன்னொரு செடி வேண்டும் என்றால் மட்டும் செய்யுங்கள். நடுச்செடியைத் தோண்டாமல், தூரின் ஒரு பக்கத்தில் மட்டும் மண்வெட்டியை நேராக இறக்கி, வேரோடு ஓர் ஆப்பளவு எடுத்துக்கொண்டு, அந்தக் குழியை உரம் கலந்த மண்ணால் நிரப்பிவிட்டால் தாய்ச்செடிக்குத் தெரியக்கூடத் தெரியாது. வசந்தத்தில் குருத்துகள் கூம்பாக நிற்கும்போதே செய்தால் இலை கிழியாது. எடுத்த துண்டில் இரண்டு மூன்று குருத்தாவது இருக்கட்டும்.

ஒரு செடியை வெட்டிய கருவியுடன் அடுத்த செடிக்குப் போகாதீர்கள். வைரஸ் பரவுவது செடியின் சாற்றின் மூலம்தான்: கத்தி, மண்வெட்டி, பூந்தண்டு நறுக்கும் கத்தரிக்கோல், ஈரக் கை எல்லாமே அதற்கு வாகனம். மண்ணையும் சாற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் கருவியை முக்கி எடுத்த பிறகே அடுத்த தூரைத் தொட வேண்டும். தொற்றிய செடிக்கு மருந்து இல்லை. வேரின் கடைசி நாருடன் தோண்டி, பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். மண்ணில் எஞ்சிய வேர்கள் முழுவதும் மக்கும்வரை அந்தக் குழியில் ஹோஸ்டா வைக்காதீர்கள். அதுவரை அங்கே பெரணி வைக்கலாம், ஹோஸ்டாவின் வைரஸ் அதை ஒன்றும் செய்யாது.